மொரீனின் இடக் காது

காலைச் சாப்பாட்டு மேசையில் அஞ்சலீனாவின் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு தடவைகூட மொரீன் திரும்பிப் பார்க்கவில்லை.

மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் அம்மாவின் வீடு மாடிப்படி ஏறிப் போகும் சின்ன வீடு. ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி உறுமிக்கொண்டு போனது. மொரீன் அதைப் பார்த்தபடி இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இடப்பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா, சொதிச் சட்டியைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் மோர்? மோர் சொதி?" என்று, இன்னும் வேண்டுமா என்பதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சட்டியை வைத்தாள். பிறகு மகளைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"என்னடி பிள்ளை, உன்ரை பாட்டுக்காறிக்குப் பெருமை கூடிப்போச்சோ? பக்கத்திலை இருந்து கதைக்கிறன், கல்லு மாதிரி இருக்கிறா."

"அப்பிடி இல்லையம்மா. நேற்றுப் பிளேன் இறங்கேக்கை காது அடைச்சுப்போச்செண்டு சொன்னவா."

"நேற்று அடைச்ச காது இண்டைக்கும் திறக்கேல்லையோ?"

அஞ்சலீனா குசினி வாசலுக்கு வந்தாள். கதவு நிலையில் நின்று மொரீனின் பின்தலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வலப்பக்கமாகப் போய், குரலை உயர்த்தாமல், "தேத்தண்ணி வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மொரீன் உடனே திரும்பிச் சிரித்தார். "வேண்டும். பால் விட்டு."

இடப்பக்கம் மட்டும்தான் கேட்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது.

மொரீன் ஹாட்லிக்கு அறுபது தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டினார். அம்மா மீன் கொட்டிலில் நின்று ஹெரிங் மீன் வெட்டி உப்புப் போட்டார். மொரீன் இருபது வயதாகும் முன்பே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மதுக்கடைகளின் பின்னறைகளில் நாட்டார் பாடல்களையும் தானே எழுதியவற்றையும் பாடத் தொடங்கிவிட்டார். இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. வெளியிட்ட கம்பனி மூடிப்போனது. விற்காத தட்டுகள் பெட்டி பெட்டியாக வீட்டுப் பின்கொட்டிலில் கிடந்து ஈரம் குடித்தன. புருஷன் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. மகளை வளர்ப்பதற்காக வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தார். வார இறுதியில் ரயிலேறிப் போய், பத்துப் பேர் இருந்தாலும் பாடிவிட்டு வந்தார். மூடிய தொழிற்சாலைகளைப் பற்றியும், ஆள் இல்லாத வெளிச்சவீட்டைப் பற்றியும், கடலில் போனவர்களின் பெண்சாதிமாரைப் பற்றியும் பாட்டு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

மொரீன் தன் தாயைப் பற்றி முப்பது வயதில் எழுதிய 'உப்புக் கைகள்' என்ற பாட்டை, யாரோ ஒரு இளம் இயக்குநர் தன் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் வைத்தார். அதோடு எல்லாம் மாறியது. முன்பு தொலைபேசியை எடுக்காதவர்கள் தாங்களே கூப்பிட்டார்கள். பேரப்பிள்ளை வயதுப் பெடியன்கள் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள்.

அஞ்சலீனாவுக்கு அந்தப் பாட்டு அதற்கு முன்பே தெரியும். மன்னாரிலிருந்து தாயோடு மொன்றியலுக்கு வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. வயலின் பிடித்தது மாதா கோயில் பாடகர் குழுவில். பிறகு பக்கத்து ஊரான லவாலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தாள். நாட்டார் இசை படிக்க ஒரு வருடம் நியூகாசிலுக்குப் போனபோது, அங்கே ஒரு பின்னறையில் மொரீன் பாடுவதைக் கேட்டாள். அன்று இரவே வயலினை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றவள்தான். இப்போது அவர் பாடும் இடமெல்லாம் அவளும் நின்றாள். வரப்போகும் இசைத்தட்டின் அட்டையில் அவள் பெயரும் இருக்கும் என்று மொரீன் சொல்லியிருந்தார்.

அந்த இசைத்தட்டு ஞாயிறு பிற்பகல் மொன்றியலில் நடக்கும் கச்சேரியிலேயே பதிவாக இருந்தது. மொரீன் வாழ்நாளில் பாடியதிலேயே பெரிய அரங்கு. இருக்கைகள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. லண்டனிலிருந்து ஒருவர் கேட்க வருகிறார், அவருக்குப் பிடித்தால் வசந்த காலத்தில் அங்கே பாட ஒரு பெரிய மண்டபம் கிடைக்கும்.

சாப்பிட்டு முடிந்ததும் மொரீன் கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்த்தார். அஞ்சலீனா வயலினைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் கம்பி சரியாக இருந்தது. மொரீன் அதை இறக்கினார். தலையை ஆட்டினார். ஏற்றினார். திரும்ப இறக்கினார். அவருடைய முகத்தில், தெரிந்த தெருவில் வழி தவறியவருடைய பார்வை.

"சரியாகத்தான் இருந்தது" என்றாள் அஞ்சலீனா.

"எது?"

"கம்பி."

மொரீன் கிட்டாரை மடியில் படுக்க வைத்தார்.

"ஒரு காதில் ஒரு சுரம் கேட்கிறது. மற்றக் காதில் அதே சுரம் தாழ்ந்து, பழுதாய்ப்போன ரேடியோ மாதிரிக் கேட்கிறது. அதற்கு மேலே தண்ணீர் கொதிக்கும் கேத்தல் ஒன்று கூவிக்கொண்டே இருக்கிறது. நேற்று இரவு முழுக்கக் கூவியது." அவர் சிரிக்கப் பார்த்தார். "சளியாக இருக்கும். போய்விடும்."

அஞ்சலீனா கோட்டைப் போட்டுக்கொண்டு, டெப்பனர் கடையில் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லி இறங்கினாள். தெருமுனையில் குளிரில் நின்றபடி டாக்டர் பிரியம்வதாவைக் கூப்பிட்டாள். அவர் காது மூக்குத் தொண்டை நிபுணர், சென்னையிலிருந்து வந்து பல வருடங்களாக இங்கே இருப்பவர். அவருடைய மகன் அக்ஷய் அவளிடம் வயலின் படித்தவன்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு குரல் மாறியது.

"இதை லேசா எடுத்துக்காதீங்க அஞ்சலீனா. திடீர்னு ஒரே காதுல கேக்காம போச்சுன்னா அது சளின்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. உள்காது நரம்பா இருக்கலாம். அப்படி இருந்தா மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தள்ளிப் போட்டா அப்புறம் திரும்பி வராமலே போயிடலாம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

"அவா வரமாட்டா, டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி."

"கச்சேரி இன்னொண்ணு வைக்கலாம். காது இன்னொண்ணு வைக்க முடியாது."

அவள் பால் வாங்காமலே திரும்பி வந்தாள். சொன்னதும் மொரீன் கோபப்பட்டார்.

"யாரைக் கேட்டு டாக்டரிடம் பேசினாய்?"

"பயமாக இருந்தது."

"எனக்கு இல்லையா? கேள். ஞாயிறு முடியட்டும். திங்கள் காலை நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். கெட்டுப்போய்விட்டது என்று இன்றைக்கு ஒரு டாக்டர் சொன்னால், ஞாயிறு நான் மேடையில் ஏறமாட்டேன். தெரியாமல் இருந்தால் ஏறுவேன்."

"மொரீன்..."

"நான் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இந்த மேடைக்குக் காத்திருந்தவள், அஞ்சலீனா."

அஞ்சலீனா அதோடு விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், பேசாமல் இருக்க அவளுக்கும் காரணம் இருந்தது. கச்சேரி நின்றால் இசைத்தட்டு நிற்கும். லவாலுக்குத் திரும்பிப் போய் மறுபடி பிள்ளைகளின் விரல்களைத் திருத்த வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிற்பகல் அரங்கில் ஒத்திகை. ஏற்பாட்டாளர் லுக் வாசலுக்கே வந்து இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டு, பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கத்திப் பேசினான். மொரீன் அவனை வலப்பக்கம் வரும்படி சாதுரியமாகச் சுற்றி நின்றார். அஞ்சலீனாவையும் மேடையில் இடம் மாற்றினார். "நீ இந்தப் பக்கம் நில். என்னுடைய மெட்டையே வயலினில் வாசி. நான் அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்."

அப்படியே செய்தார்கள். கிட்டாருக்குச் சுருதி காட்டும் சின்னக் கருவியை வைத்துச் சேர்த்தார்கள். முதல் பாட்டு தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாவதில் ஒரு இடத்தில் குரல் கீழே வழுக்கியது. அஞ்சலீனா வில்லை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினாள். குரல் மேலே வந்தது. லுக் ஒன்றும் கவனிக்கவில்லை. ஒலிக் கருவிகளுக்குப் பின்னால் இருந்த மனிதன் மட்டும் தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

திரும்பும்போது மெட்ரோவில் மொரீன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வண்டி கிறீச்சிட்டு வளைவில் திரும்பியபோது இடக் காதைப் பொத்தினார்; மெல்லிய சத்தம் கேட்காத அந்தக் காதில் பெருஞ்சத்தம் மட்டும் குத்தியது.

அன்று மாலை அஞ்சலீனா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"ஐயோ, நான் அவாவைப் பெருமைக்காறி எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு, "அந்த டொக்டரம்மாவை இஞ்சை வரச் சொல்லு. இவா போகாட்டி அவா வரட்டும். சாப்பிட வந்த மாதிரி வரட்டும்."

"அது ஏமாத்திறது, அம்மா."

"ஓம். பேந்து மன்னிப்புக் கேக்கலாம்."

சனிக்கிழமை காலை டாக்டர் பிரியம்வதா வந்தார். ஆனால் ஏமாற்றவில்லை. கோட்டைக் கழற்றியதும் நேராக மொரீனிடம் போய், தான் யார், ஏன் வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேண்டாம் என்றால் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார். மொரீன் அஞ்சலீனாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு களைத்துப்போனவராகக் கதிரையில் இருந்தார். இரவு அவர் தூங்கியிருக்கவில்லை.

டாக்டர் பையிலிருந்து இசைக்கவை ஒன்றை எடுத்தார். இரண்டு கால் முளைத்த இரும்புக் கரண்டி மாதிரி இருந்தது. அதை முழங்கையில் தட்டி அடிப்பாகத்தை மொரீனின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தப் பக்கம் கேட்கிறது?"

"வலப்பக்கம்" என்றார் மொரீன். "கிட்டத்தட்ட ஸி சுரம்."

"இப்போது?" டாக்டர் அதை இடக் காதின் ஓரத்தில் பிடித்தார்.

மொரீன் காத்திருந்தார். இசைக்கவை நடுங்கிக்கொண்டிருப்பது அஞ்சலீனாவுக்குக் கண்ணால் தெரிந்தது. அறை முழுக்க அதன் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது, அவள் கையை வாயில் வைத்தாள்.

"தட்டிவிட்டீர்களா?" என்று மொரீன் கேட்டார்.

மொரீன் டாக்டரின் கையைப் பார்த்தார், பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

நரம்புதான், என்றார் டாக்டர். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், தன் கிளினிக்கைத் திறந்து முழுப் பரிசோதனை செய்தார். அன்றே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், தேவைப்பட்டால் அடுத்த வாரங்களில் காதுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். சிலருக்கு முழுக்கத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒன்றும் திரும்பாது. எது நடக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"நாளை பாடலாமா?"

"நான் வேண்டாம் என்பேன். பாடியே தீருவேன் என்றால், சத்தமான ஒலிபெருக்கிக்குக் கிட்டவே நிற்காதீர்கள்."

மொரீன் மாத்திரையை டாக்டர் முன்னாலேயே விழுங்கினார். காரில் ஏறியதும் அஞ்சலீனாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "லுக்கிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொல்லமாட்டாய் என்று சொல்."

"சொல்லமாட்டேன்."

அதன் பிறகுதான் மொரீன் அவள் கையை விட்டார்.

ஞாயிறு பிற்பகல் அரங்கு நிரம்பி வழிந்தது. அம்மா பூசை முடிந்து நேராக வந்து ஐந்தாம் வரிசையில் இருந்தாள், கையில் செபமாலையோடு. திரை ஓரத்தில் நின்ற அஞ்சலீனா வயலின் சுருதியை மறுபடி சரிபார்த்தாள். மொரீன் கறுப்புச் சட்டையில், தலையை நிமிர்த்தி மேடைக்குப் போனார். கைதட்டல் எழுந்தபோது அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. கூட்டத்துக்கு அது வெட்கம் போலத் தெரிந்திருக்கும்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. அஞ்சலீனா ஒரு கண்ணால் மொரீனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே மெட்டை அவருடைய வலக் காதுக்குள் ஊட்டினாள். ஒவ்வொரு அடியும் முடியும்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது பாட்டில், வெளிச்சவீட்டுப் பாட்டில், குரல் வழுக்கத் தொடங்கியது. மொரீனுக்கும் தெரிந்துவிட்டது. என்ன பாடுகிறோம் என்று கேட்காததால் அவர் ஒலிக்காரனுக்குக் கையைக் காட்டினார், கூட்டு என்று. பாடுபவருக்குத் தன் குரல் கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த ஒலிபெருக்கி அலறியது. மொரீன் துள்ளி, கிட்டாரிலிருந்து கையை எடுத்து இடக் காதைப் பொத்தினார். ஆனால் பாடுவதை நிறுத்தவில்லை. இப்போது குரல் வயலினைவிட்டு நன்றாக விலகிப்போனது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். மொரீன் மறுபடியும் கையைக் காட்டினார். இன்னும் கூட்டு.

அஞ்சலீனா வாசிப்பதை நிறுத்தினாள். இரண்டு அடி முன்னால் போய்க் குனிந்து ஒலிபெருக்கியின் பின்னாலிருந்த கம்பியைப் பிடுங்கினாள்.

அலறல் அறுந்தது. மொரீன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. மொரீன் கண்ணை மூடி, மேவாயை நெஞ்சோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விட்ட அடியிலிருந்தே தொடங்கினார், மெதுவாக, தலைக்குள்ளே கேட்டுப் பார்த்துப் பாடுபவர் போல. குரல் சுருதிக்குத் திரும்பியது.

அந்தப் பாட்டு முடிந்ததும் அவர் மைக்கை விட்டு விலகி மேடை விளிம்புக்கு வந்தார். "என் ஒரு காது வேலை செய்யவில்லை" என்று கூட்டத்திடம் சொன்னார். "மைக் இல்லாமல் பாடுகிறேன். இப்படித்தான் தொடங்கினேன்."

'உப்புக் கைகள்' பாடினார். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது. அதில் சிலர் அழுதார்கள். மேல்மாடியில் இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டது. "சத்தமாக! கேட்கவில்லை!" என்று பிரெஞ்சில் ஒரு குரல் வந்தது. கதிரைகள் மடங்கும் சத்தம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் எழுந்து போனார்கள். மொரீன் இன்னும் சில பாட்டுகள் பாடிவிட்டுக் குனிந்து வணங்கினார். லண்டன்காரரின் இருக்கை அதற்கு முன்பே காலியாகியிருந்தது.

உடைமாற்றும் அறையில் லுக் கைகளை விரித்துக் கத்திவிட்டுப் போனான். கதவு மூடியதும் மொரீன் பேசினார். சத்தமே போடவில்லை.

"நீ வாக்குக் கொடுத்தாய்."

"லுக்கிடம் நான் சொல்லவில்லை."

"விளையாடாதே. சுருதி தப்பினால் அது என்னுடைய தப்பு. என்னுடைய பாட்டு, என்னுடைய மேடை. அதை நீ என் கையிலிருந்து பிடுங்கினாய்."

"உங்கள் காது போய்விடும் என்று..."

"அதுவும் என்னுடைய காது."

அஞ்சலீனாவுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். தான் செய்தது சரி என்று அவள் நம்பினாள். மொரீன் சொன்னதும் சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

காதுக்குள் ஊசி போட வேண்டியிருந்ததால் மொரீன் ஊருக்குப் போக முடியவில்லை. மீதிக் கச்சேரிகள் எல்லாம் நின்றன. ஹோட்டலுக்குப் போகிறேன் என்றவரை அம்மாதான் விடவில்லை. "இஞ்சை அறை கிடக்கு. ஹோட்டலிலை ஆர் உனக்குக் கஞ்சி வைச்சுத் தருவினம்?" என்று தமிழிலேயே சொல்லி, பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். மொரீனுக்கு வார்த்தை விளங்காவிட்டாலும் பெட்டி போன திசை விளங்கியது.

அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரு விசித்திரமான வாழ்க்கை வாழ்ந்தார்கள். மொரீன் அஞ்சலீனாவோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஊசிக்குப் போகும்போது காரில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அம்மா கார்டெறி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சோபாவில் சேர்ந்திருந்து, சத்தத்தை அணைத்துவிட்டுத் தமிழ் நாடகம் பார்த்தார்கள். யார் யாருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று மொரீன் முகங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அம்மா கைதட்டிச் சிரிப்பாள்.

அஞ்சலீனா தன் அறையில் இருந்து சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். மொரீன் முணுமுணுக்கிறாரா, ஒரு அடியாவது பாடுகிறாரா என்று. நாள் முழுக்க எந்த நேரமும் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பவர் அவர். இப்போது ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவளைத் தின்றது. நான் கம்பியோடு சேர்த்து வேறெதையோ பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தாள். லவால் பள்ளிக்கூடத்திலிருந்து, திரும்ப வருகிறாயா என்று கேட்டு அழைப்பு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

லண்டன் மண்டபம் வேறொரு பாடகருக்குப் போனது. இசைத்தட்டுக் கம்பனி, பதிவு பயன்படாது, பிறகு பார்க்கலாம் என்றது. இரண்டு செய்தியையும் மொரீன் வலக் காதில் தொலைபேசியை வைத்து நின்றபடியே கேட்டார். "சரி" என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

மாசி முடியும் தருவாயில் டாக்டர் பிரியம்வதா மறுபடியும் முழுப் பரிசோதனை செய்தார். தாழ்ந்த சுரங்களும் நடுச் சுரங்களும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. மேலே உள்ளவை போனவை போனவைதான். இரண்டு காதுகளும் ஒரே சுரத்தைக் கேட்கத் தொடங்கியிருந்தன. கேத்தலின் கூவல் நிற்கவில்லை. அது நிற்காமலே இருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு தடவை வராது என்றும் அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

"பாட முடியுமா?" என்று கேட்டது அஞ்சலீனா.

"அதை அவங்கதான் பாடிப் பாத்துச் சொல்லணும்" என்றார் டாக்டர்.

அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். கோயிலில் பெண்கள் சங்கத்துக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு நிலவறை மண்டபத்தில் தேநீர் இருந்தது. "சும்மா வந்து இருக்கட்டும்" என்றாள். சனி இரவுச் சாப்பாட்டில் மொரீன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்கு வயலினைக் கொண்டு வா" என்றார். அஞ்சலீனா எழுந்து போய் வயலின் பெட்டியைத் திறந்தாள்.

நிலவறையில் மடக்குக் கதிரைகள், ரோல்ஸ் பலகாரத் தட்டுகள், கோட்டு வாசனை. மைக் இல்லை. குழந்தைகள் ஓடித் திரிந்தார்கள். மொரீன் நடுவில் ஒரு கதிரையில் இருந்து கிட்டாரைத் தானே சுருதி சேர்த்தார், கருவி இல்லாமல். அஞ்சலீனா கம்பி கம்பியாகக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் முதல் பாட்டு முழுக்க அவள் மொரீனின் தொண்டையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். இரண்டாம் பாட்டில் ஒரு இடத்தில் குரல் இறங்கியது. அவள் வில்லை அழுத்தப் போனாள். அதற்குள் மொரீன் தானே ஏறிவிட்டார்.

'உப்புக் கைகள்' முடிந்து, அஞ்சலீனா அதன் பொருளைத் தமிழில் சொன்னதும் றோசா என்ற வயதான பெண், மன்னாரில் கருவாட்டு வாடியில் வேலை செய்தவர், கையை உயர்த்தினார்.

"பிள்ளை, அது என்ன மீனெண்டு கேட்டுச் சொல்லு."

"ஹெரிங். சாளை மாதிரி ஒண்டு" என்றாள் அஞ்சலீனா.

"கையிலை உப்புப் பட்டா எரியுமெண்டு பாட்டிலை இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"துணி சுத்திக்கொண்டு வெட்டினவையோ, வெறுங்கையோ?"

அஞ்சலீனா மொழிபெயர்த்தாள். மொரீன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, விரல் ஒவ்வொன்றுக்கும் எப்படித் துணி சுற்றுவார்கள் என்று தன் விரலில் காட்டினார். றோசா எழுந்து வந்து, நாங்கள் இப்படி என்று வேறு மாதிரிச் சுற்றிக் காட்டினார். அதன் பிறகு கொஞ்ச நேரம் பாட்டே நடக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது மொரீன் அஞ்சலீனாவைச் சுவரோரமாகக் கூப்பிட்டார்.

"எங்கே தப்பினேன்?"

"இரண்டாவது பாட்டில். கடைசி அடிக்கு முன்."

"ம். எனக்கும் கேட்டது." கொஞ்சம் பொறுத்து, "வசந்தத்தில் நம்முடைய பழைய பின்னறைகளுக்குப் போகிறேன். மைக் இல்லாத இடங்கள் மட்டும். பணம் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இசைத்தட்டு வருமோ தெரியாது. வருவாயா?"

அஞ்சலீனா லவால் வேலையை நினைத்தாள். அந்தக் காது எந்த நாளும் மறுபடி அடைத்துக்கொள்ளலாம் என்பதையும் நினைத்தாள்.

"வருவேன். ஆனால் அடுத்த முறை காது அடைத்தால் அன்றைக்கே டாக்டர்."

"அடுத்த முறை நீ எதையும் பிடுங்கக் கூடாது. என் காதில் சொல்லு."

"சொன்னால் கேட்பீர்களா?"

மொரீன் யோசித்தார். "தெரியாது" என்றார்.

அம்மா இன்னொரு தட்டு ரோல்ஸோடு வந்து, பெண்கள் இன்னொரு பாட்டுக் கேட்கிறார்கள் என்றாள். மொரீன் கோப்பையை வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். அஞ்சலீனா வயலினைத் தோளில் வைத்தாள். முதல் சுரம் வரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இனி ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படித்தான் நிற்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. சுரம் வந்தது. அவள் வில்லை இழுத்தாள்.